கூந்தன்குளம் வாத்துக்குச் சாக்பீஸ் கோடு: ஷார்ப்னஸ் எவ்வளவு வைக்கலாம்?

நாங்குநேரிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேமரா வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. 24 மெகாபிக்சல் பாடி, 70-300 லென்ஸ். வேறு எதுவும் கிடையாது.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டோடு பைக்கை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனேன். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் வரித்தலை வாத்துகள் ஒரு ஏழெட்டு, குளத்திலிருந்து எழும்பி வயல் பக்கம் போயின. நேராக என் தலைக்கு மேலே. கை நடுங்கினாலும் பட்டனை விடவில்லை. நாற்பது படத்தில் ஒன்று தேறியது. வாத்து சின்னதாக விழுந்திருந்ததால் நன்றாகக் கிராப் செய்தேன். மிச்சம் 2700-க்கு 1800 பிக்சல்.

லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஷார்ப்னிங் இழுத்தேன். அமவுண்ட் 110, ரேடியஸ் 2.6. ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பில் பார்த்தால் இறகு இறகாக எண்ணலாம் போல இருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன், சொந்தக்காரர்கள் எல்லாம் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள். அப்பா பார்த்துவிட்டு, "இத பெருசாப் போட்டு மாட்டணும்ல" என்றார்.

12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். கவரைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. இறக்கையின் ஓரம் முழுக்கச் சாக்பீஸால் வரைந்த மாதிரி வெள்ளைக் கோடு. வாத்தைக் கத்தரித்து வானத்தில் ஒட்டியது போல இருக்கிறது. வானம் ரவை தூவியது மாதிரி பொரிபொரியாக இருக்கிறது. லேபில் கேட்டால் "ஃபைலே அப்படித்தான் சார்" என்கிறார்கள்.

யூடியூபில் ஒருவர் 25 வை என்கிறார், ஒருவர் 40, இன்னொருவர் நூறுக்கு மேல். எனக்கு ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்கள், போதும். அதோடு கோடு ஏன் வந்தது என்றும் தெரிந்தால் நல்லது.


கல்யாண ஆல்பம் எழுதியது:

தம்பி, நான் தினமும் முந்நூறு படம் எடிட் செய்கிறவன். ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் பதிவு) என்றால் லைட்ரூமே அமவுண்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெய்ல் 25 என்று வைத்துத்தான் திறக்கும். முன்பு 25 ஆக இருந்த அமவுண்ட்டை 2018-ல் 40 ஆக்கினார்கள். பழைய வீடியோவில் 25 என்று கேட்டது அதனால்தான். நான் அதைத் தொடுவதே இல்லை. மாஸ்கிங்கை (ஷார்ப்பன் ஓரங்களில் மட்டும் விழவைக்கும் ஸ்லைடர்) மட்டும் 70, 80 வரை ஏற்றிவிடுவேன், மணப்பெண் கன்னத்தில் பவுடர் திட்டுத் தெரியக்கூடாது பாருங்கள். கண்ணுக்கும் புடவை ஜரிகைக்கும் மட்டும் பிரஷ்ஷால் தனியாகக் கொஞ்சம். பறவை பற்றி எனக்குத் தெரியாது.


குளத்துக்கரை எழுதியது:

இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஏஐ ஷார்ப்பன் மென்பொருள் ஒன்றில் போட்டு எடுங்கள். மங்கல் படம்கூடக் கத்தி மாதிரி வரும்.


பழைய டார்க்ரூம் எழுதியது:

தம்பி, முதலில் படத்துக்கு ஒரு பாராட்டு. வரித்தலை வாத்து தலைக்கு மேலே போகும்போது பட்டனை அழுத்த நினைவிருந்ததே பெரிது. நான் முதல்தடவை வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்.

நம்பர் கேட்டீர்கள். சொல்கிறேன், ஆனால் கடைசியில். ஏனென்றால் உங்களுக்குக் கெட்டது நம்பரால் இல்லை. குழம்புக்கு நாலு பேர் தெரியாமல் உப்புப் போட்ட கதை இது. எண்ணிப் பாருங்கள்.

கிராப் அளவைச் சொன்னீர்கள், ரா-வா ஜேபெக்கா என்று சொல்லவில்லை. கேட்காமலே சொல்கிறேன், ஜேபெக். ஜேபெக் என்றால் கேமராவே உள்ளே ஒருதடவை ஷார்ப்பன் செய்துதான் கொடுக்கிறது. அதனால்தான் லைட்ரூம் ஜேபெக்குக்கு 40 வைக்காமல் பூஜ்யத்தில் திறக்கும். புதிதாகக் கேமரா வாங்கிய நிறையப் பேர் மெனுவில் அந்த ஷார்ப்னஸையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். அது முதல் உப்பு. அதன்மேல் நீங்கள் 110 போட்டது இரண்டாவது. எக்ஸ்போர்ட் செய்யும்போது கீழே 'அவுட்புட் ஷார்ப்னிங்' என்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் 'ஹை' டிக் செய்திருந்தால் மூன்று. லேப் மெஷினில் தானாக நடக்கும் கரெக்‌ஷன் நாலாவது. பல லேபில் நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய அதை ஓடவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார்கள். ஆக, அந்த லேப்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இனி கோடு ஏன் வந்தது என்பது. இதற்கு என் பழைய தொழிலுக்குப் போக வேண்டும்.

டவுனில் ரத வீதி பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். பகல் முழுக்க பாஸ்போர்ட் சைஸ், ராத்திரி டார்க்ரூம். நெகடிவ்வில் பென்சிலால் டச்சிங் செய்வதுதான் என் வேலை. அங்கே இருந்த பெரியவர் ஒருநாள் ஒரு வித்தை காட்டினார். ஒரு நெகடிவ், அதிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக எடுத்த ஒரு பாசிடிவ். நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு கான்டாக்ட் போட்டால் மங்கலாக வரும். அப்புறம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி என்லார்ஜரில் வைத்தார். பேப்பர் டெவலப்பரில் மிதக்க மிதக்க, கோபுரத்துச் சுதைப் பொம்மைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து வந்தன. மங்கலை வைத்துத் தெளிவை எடுப்பது எப்படி என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை. ஃபோட்டோஷாப்பில் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று இருக்கிறதே, ஷார்ப் செய்வதற்கு அன்ஷார்ப் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று சிரிக்காதீர்கள். அந்த மங்கலான பாசிடிவ்தான் அது.

கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுத்து, அசலோடு ஒப்பிட்டு, எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே அந்த வித்தியாசத்தைக் கூட்டுகிறது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுக்கும், இருட்டுப் பக்கம் இன்னும் கறுக்கும். கண் ஏமாந்து 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒரு இறகும் உள்ளே வருவதில்லை. உங்கள் படத்தில் கறுத்த இறக்கை ஓரம், பக்கத்தில் வெளுத்த வானம். வானம் ஏற்கெனவே வெளுப்பு, அதன் விளிம்பு இன்னும் வெளுத்துச் சாக்பீஸ் ஆகிவிட்டது. தலையில் இருக்கும் இரண்டு கறுப்புப் பட்டையை உற்றுப் பாருங்கள், அங்கேயும் நடுவில் இருக்கும் வெள்ளை இயற்கைக்கு மீறிப் பளபளக்கும்.

அந்தக் கோட்டின் அகலத்தை முடிவு செய்வது ரேடியஸ். 2.6 என்றால் கோடு சுமார் மூன்று பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 2700 பிக்சலை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 150 பிக்சல்தான். ஒரு பிக்சல் 0.17 மில்லிமீட்டர். மூன்று பிக்சல் அரை மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்க்கும் படத்தில் அரை மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தப்புமா? ஸ்டேட்டஸில் தப்பியது, ஏனென்றால் போன் திரையில் முழுப் படமே உள்ளங்கை அளவு. அதோடு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அமுக்கி அனுப்பும். கோடு அதில் அரைபட்டுப் போய்விடும்.

அதனால் நான் முதலில் கேட்பது, எங்கே பார்க்கப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பீர்கள் என்பது. அப்புறம்தான் எவ்வளவு இழுப்பது.

கொஞ்சம் ஷார்ப்னஸ் கட்டாயம் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சலிடம் கேட்டுத்தான் நிரப்புகிறார்கள். அப்படிக் கேட்டு நிரப்பும்போது ஓரங்கள் கொஞ்சம் இளகிவிடும். அந்த இளகலைத் திரும்ப இறுக்குவதற்குத்தான் முதல் ஷார்ப்பன். அதைப் போடாமல் விடுவதும் தப்பு.

ரா இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். படத்தை 100 சதவீதத்தில் வையுங்கள். ஃபிட்டில் வைத்து முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். முதலில் நாய்ஸை, அதாவது வானத்தில் தெரிந்த அந்தப் பொரியை, குறையுங்கள், இல்லாவிட்டால் ஷார்ப்பன் அந்த ரவையைத்தான் முதலில் கூர்மையாக்கும். ரேடியஸ் 0.8. இறகு மாதிரி நுண்ணிய விஷயத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. டீடெய்ல் (நுண்ணிய கோடுகளை எவ்வளவு தூக்குவது என்பது) 20, 25. அப்புறம் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை இழுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாக இருக்கும் இடத்தில்தான் ஷார்ப்பன் விழும். வானம் முழுக்கக் கறுத்து, வாத்து மட்டும் வெள்ளைக் கோட்டுச் சித்திரமாக நிற்கும்வரை இழுங்கள். உங்கள் படத்துக்கு 65, 70 வரும். கடைசியாக அமவுண்ட்டை மெதுவாக ஏற்றி, ஓரத்தில் கோடு எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, அங்கிருந்து கால் பங்கு குறையுங்கள். நம்பர்தானே கேட்டீர்கள்? 45-லிருந்து 60-க்குள் எங்கேயோ வந்து நிற்கும்.

ராத்திரி பதினோரு மணிக்கு முடிவு செய்யாதீர்கள். கண் பழகப் பழக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். காலையில் காபி குடித்துவிட்டுப் பாருங்கள். நான் டச்சிங் செய்த காலத்தில் ராத்திரி அழகாகத் தெரிந்த முகம் காலையில் பொம்மை முகமாக இருந்திருக்கிறது. எத்தனை நெகடிவ்வைச் சுரண்டிக் கெடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஏஐ சொன்ன தம்பிக்கு: நானும் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் மூக்கு நாரையின் கழுத்தில் மீன் செதில் மாதிரி ஒன்றை வரைந்து கொடுத்தது. பறவை தெரிந்தவரிடம் காட்டினால் இது என்ன ஜாதி என்று கேட்பார்.


நாங்குநேரிக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, அப்படியே நேரில் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். ஜேபெக்தான். கேமரா மெனுவில் ஷார்ப்னஸ் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தேன். எக்ஸ்போர்ட்டில் 'ஹை' டிக். நாலு உப்பும் போட்டிருக்கிறேன்.

ஆனால் கார்டைத் தோண்டிப் பார்த்ததில் ரா-வும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது! எனக்கே தெரியாமல் இரண்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். அதே நாள் ஒன்பது மணிக்கு மேல் தூரத்தில் தண்ணீரில் மிதந்த வாத்துகளையும் எடுத்தேன். எதுவும் தெளிவாக இல்லை. ஃபோகஸ் சரியாகத்தான் இருக்கிறது, ஷட்டர் 1/1600. அதற்கு எவ்வளவு ஷார்ப்பன்?


பழைய டார்க்ரூம் எழுதியது:

அதற்குப் பூஜ்யம். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்று நெளியும், தார் ரோட்டில் கானல் ஓடுமே அதே கதை. லென்ஸுக்கும் வாத்துக்கும் நடுவில் இருநூறு மீட்டர் நெளியும் காற்று. எந்த ஸ்லைடரும் அதை நேராக்காது. ஷேக் ஆன படமும் ஃபோகஸ் தப்பிய படமும் இப்படித்தான், மங்கலைக் கூர்மையாக்கினால் கூர்மையான மங்கல் கிடைக்கும்.

300 மி.மீ.-ஐ வைத்துக்கொண்டு குளத்தின் நடுவே போராடாதீர்கள். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே தெருவோர மரங்களில் நாரை கூடு கட்டும். வீட்டு வாசலில் நின்றால் தலைக்கு மேலே குஞ்சு கத்தும். அங்கே கிராப்பே வேண்டாம், 24 மெகாபிக்சலும் முழுசாகக் கிடைக்கும். 6000 பிக்சலை 18 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 333. அப்படி ஒரு ஃபைலுக்கு ஷார்ப்னஸ் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. சத்தம் போடாமல் நில்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாதவர்கள்.


பத்தமடை மருமகள் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை இதற்கு நேர் எதிர். பத்தமடைப் பாய் விற்கிறோம், ஆன்லைனில் போட நான்தான் படம் எடுக்கிறேன். சாதாரணப் பாய் நன்றாக வருகிறது. பட்டுப்பாயை எடுத்தால் மட்டும் படத்தில் பாயில் இல்லாத பச்சை, ஊதா அலைகள் வளைந்து வளைந்து வருகின்றன. கோரையை முடி மாதிரி கிழித்து நெய்தது, இழை தெரிந்தால்தான் வாங்குவார்கள் என்று ஷார்ப்பன் கூட்டினேன். அலை இன்னும் அதிகமாகிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் "பாயில் சாயம் படர்ந்திருக்கிறதா?" என்று கேட்டு ஆர்டரை ரத்து செய்துவிட்டார். அந்தப் பாய்க்கு என் மாமியார் தறியில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும்.


பழைய டார்க்ரூம் எழுதியது:

அம்மா, அது சாயமும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. பாயின் இழை வரிசையும் சென்சாரின் பிக்சல் வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வந்து மோதினால் மூன்றாவதாக ஒரு அலை பிறக்கும். மொய்ரே என்பார்கள். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று பிடித்துப் பாருங்கள், அதேதான். டிவியில் பொடிக் கட்டம் போட்ட சட்டைக்காரர் வந்தால் சட்டை நெளியுமே, அதுவும் இதுதான். ஷார்ப்பன் அந்த அலையையும் இழை என்று நினைத்து ஏற்றிவிடும்.

எடுக்கும்போதே தப்பிக்கலாம். ஒரு அடி கிட்டே வாருங்கள், அல்லது பின்னால் போங்கள். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலும் அலை மாறும். அப்படியும் போகாவிட்டால் லென்ஸ் ஓட்டையை எஃப் 16-க்கு மூடுங்கள். சாதாரணமாக நான் எஃப் 11-க்கு மேல் போகாதே என்பேன், ஓட்டை சிறுத்தால் வெளிச்சம் சிதறிப் படம் இளகும். உங்களுக்கு அந்த இளகல்தான் மருந்து. ட்ரைபாடில் வைத்து எடுங்கள்.

அப்புறம் அளவைக் குறைப்பது. 6000 பிக்சலில் ஷார்ப்பன் செய்துவிட்டு 1200-ஆகச் சுருக்காதீர்கள். முதலில் சுருக்குங்கள், பிறகு லேசாகத் தட்டுங்கள். சுருக்கியதும் அலை வருகிறதா என்று இன்னொருமுறை பார்க்க வேண்டும், சுருக்குவதாலும் வரும். இழையைக் காட்ட முழுப் பாயின் படம் வேண்டாம். பாயின் ஓரத்தை, விரல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கிட்டத்தில் தனியாக ஒன்று எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். இழையைக் காட்டப் பக்க வெளிச்சத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. கல் சிற்பத்துக்கும் இதுவேதான். கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களில் நகக்கண் வரை செதுக்கியிருக்கிறான். நேர் வெளிச்சத்தில் அது தட்டையாகத்தான் தெரியும், பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஷார்ப்பனே வேண்டாம்.


பத்தமடை மருமகள் எழுதியது:

ஒரு அடி பின்னால் போனதற்கே முக்கால்வாசி போய்விட்டது அண்ணாச்சி! ஜன்னல் பக்கம் வைத்து விரலோடு ஒரு படம் எடுத்தேன். விரல் நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது. பரவாயில்லை என்று அதையே போட்டுவிட்டேன்.


நாங்குநேரிக்காரன் எழுதியது (இரண்டு வாரம் கழித்து):

சொன்னபடி செய்தேன். ரா ஃபைல், நாய்ஸ் முதலில், ரேடியஸ் 0.8, டீடெய்ல் 20, மாஸ்கிங் 70, அமவுண்ட் 52. காலையில்தான் முடிவு செய்தேன். அளவையும் குறைத்து 8-க்கு 12 போட்டேன், அங்குலத்துக்கு 225 பிக்சல் வருகிறது. எக்ஸ்போர்ட்டில் மேட் பேப்பர், ஸ்டாண்டர்ட். லேபில் கரெக்‌ஷன் வேண்டாம் என்று கவர் மேலேயே எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதிரி பார்த்தார்கள், ஆனால் செய்தார்கள்.

கோடு இல்லை. ரவை இல்லை. வானம் வழுவழுவென்று இருக்கிறது. கிட்டே வைத்துப் பார்த்தால் கண் மட்டும் கொஞ்சம் மங்கல், ஃபோகஸ் இறக்கையில் விழுந்திருக்கிறது போல. அது என் கைத்தப்பு, விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணாச்சி, ஒரு வேடிக்கை. அப்பாவிடம் இரண்டு பிரிண்ட்டையும் காட்டினேன். "பழசுதாம்ல பளிச்சுனு இருக்கு, இது என்னமோ சோந்து போயி கெடக்கு" என்று அந்தச் சாக்பீஸ் வாத்தையே ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். எனக்கு அந்தப் பக்கம் போகவே வெட்கமாக இருக்கிறது.


பழைய டார்க்ரூம் எழுதியது:

எங்கே மாட்டியிருக்கிறார்?


நாங்குநேரிக்காரன் எழுதியது:

பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்), உள் கதவுக்கு மேலே. தாத்தா படத்துக்குப் பக்கத்தில். அப்பா எதிர்ச் சுவரோரம் சாய்வு நாற்காலியில் இருந்து பார்ப்பார், ஒரு பத்தடி இருக்கும்.


பழைய டார்க்ரூம் எழுதியது:

பத்தடிக்கு அரை மில்லிமீட்டர் தெரியாது. அப்பா சொன்னது சரிதான், அது அங்கேயே இருக்கட்டும். நாற்காலி போட்டு ஏறித் துடைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.